ஸ்பார்ட்டாவின் சுற்றத்தார்

ஸ்பார்ட்டா என்ற ஊரின் மேல் எனக்கு இருக்கிற கோபம் அந்த ஊருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கவலைப்படுகிற ஆட்கள் இல்லை அவர்கள். எத்தனையோ நூற்றாண்டுக்கு முதல், தங்கள் பாட்டுக்கு அயலூர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அடக்கி, பிறகு தாங்களும் இல்லாமல் போனவர்கள். ஆனால் என் சினேகிதியை என்னிடமிருந்து கொண்டுபோனது ஸ்பார்ட்டாதான். கூட ஒரு டாக்டரும். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதே தொடங்கினால் நிறுத்த மாட்டேன்.

சினேகிதி மலேசியாக்காரி. லண்டனுக்குப் படிக்க வந்தவள், கணக்காளராக வேலை எடுத்து, கலியாணம் கட்டாமல், பாலத்தில் ஒரு சின்ன பிளாட் வாங்கி அங்கேயே இருந்துவிட்டாள். பாலம் என்றால் ஆற்றின் மேல் கட்டுகிற பாலம் இல்லை. எங்கள் ஸ்ட்ரெதமுக்குப் பக்கத்து ஊரின் பெயர் அது. பழகத் தொடங்கிய புதிதில் அவள் போனில் "பாலத்துல நிக்கிறேன், வாங்க" என்று சொன்னாள். நான் லண்டனுக்குப் புதுசு. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் போய்க் காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றேன். அந்தக் கதையை நான் சொல்லாத வீடு இல்லை. நான் சொல்லும்போது பிழை அவளுடைய உச்சரிப்பில்தான் இருக்கும். அவளும் கூட இருந்து சிரிப்பாள்.

நாங்கள் முதலில் சந்தித்தது ஆர்ச்வே முருகன் கோயிலில், செருப்புக் கழற்றுகிற இடத்தில். தனியாக நின்ற என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டியா?" எனக்கு இரண்டு அதிர்ச்சி. ஒன்று, அந்தச் சொல். மலேசியாவில் சாப்பிட்டாயா என்பதற்கு அப்படித்தான் கேட்பார்களாம். மற்றது, அந்த நீ. முன்பின் தெரியாத பெண்ணை நீ என்று கூப்பிட்டால் எங்கள் ஊரில் அது சண்டைக்கு அழைப்பு. நான் அப்போதே, சிரித்துக்கொண்டுதான், நீங்கள் என்று சொல்ல வேண்டும், சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும் என்றேன். அவள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்றாள். நான் அவளை நீர் என்று கூப்பிட்டேன். எங்கள் ஊரில் மரியாதையும் உரிமையும் சேர்ந்த சொல் அது. அவளுக்கு அது நாடகத்தில் ராஜா பேசுகிற மாதிரி இருந்ததாம். அன்றிலிருந்து நான் அவளுக்கு நீங்க, அவள் எனக்கு நீர்.

வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிய நான் பஸ் பிடித்துப் பாலத்துக்குப் போவேன். இருவரும் நார்தர்ன் லைனில் ஆர்ச்வே போவோம். அந்த ரயிலில்தான் அவளுடைய தமிழ் வளர்ந்தது என்று நான் பெருமையாகச் சொல்வேன். நான் ஊரில் தமிழ் படிப்பித்தவள். இங்கே பகலில் தபால் கந்தோர் கவுன்டரில் இருந்தாலும், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்தவள். என் காதில் ஒரு பிழை விழுந்தால் என்னால் சும்மா இருக்க ஏலாது. அவள் ஒரு கதையைத் தொடங்குவாள். நான் நடுவில் ஒரு சொல்லை எடுத்துக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பேன். அவள் அதை வாங்கி வைத்துவிட்டுக் கதையைத் தொடர்வாள். சில வேளைகளில் தொடர மாட்டாள். அதற்குள் ஸ்டேஷன் வந்துவிடும். பிடிக்காதவர்களின் தமிழை நான் ஏன் திருத்தப் போகிறேன்? அது அன்புதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

எல்லாச் சொல்லும் திருந்தியது. பசியாறு மட்டும் திருந்தவில்லை. போன் எடுத்தால், கதவைத் திறந்தால், முதல் கேள்வி "பசியாறிட்டீங்களாக்கா?" என்பதுதான். நான் ஒவ்வொரு முறையும் "சாப்பிட்டிட்டன்" என்று அழுத்திச் சொல்வேன். அடுத்த முறையும் அவள் அப்படியே கேட்பாள்.

பென்ஷன் எடுத்த வருஷம் அவள் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தாள். பழைய கிரேக்க வரலாறு. என்னையும் கூப்பிட்டாள். கிரேக்கன் எனக்கு என்ன மாமனோ மச்சானோ என்று கேட்டேன். அவள் தனியே போனாள். அங்கேதான் டாக்டரைச் சந்தித்தாள்.

டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கம். எங்கள் வயதுதான் இருக்கும், ஆனால் தலைமயிருக்கு மை பூசாமல் நரையை வடிவாக வெட்டி விட்டிருப்பாள். வெஸ்ட் ஈலிங்கில் வீடு. சொந்தக் கார். முதலில், இந்த வெள்ளி வர முடியாது, டாக்டரோடு மியூசியம் போகிறேன் என்றாள் சினேகிதி. போகட்டும் என்று விட்டேன். அடுத்த மாதம், டாக்டர் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போகிறாள் என்றாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. முருகனை விட்டு அம்மனிடம் போனதில் எனக்கு வருத்தமில்லை, தாயும் மகனும்தானே. எனக்கு அந்தக் கார்தான் பொறுக்கவில்லை. நான் தனியே நார்தர்ன் லைனில் நின்றுகொண்டு போகும்போது, அவர்கள் இருவரும் அந்தக் காருக்குள் என்ன கதைத்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்து நினைத்துப் புகைந்தேன்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பாலம் பிளாட்டுக்குப் போனேன். கையில் பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்தன. கதவைத் திறந்த சினேகிதியின் முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சமிருந்தது. உள்ளே யாரோ சொன்னதற்குச் சிரித்த சிரிப்பு. டாக்டர் சோபாவில் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அந்த வீட்டுக்கு எத்தனை வருஷமாக வருகிறேன், ஒருநாளும் அப்படிக் காலை மேலே போட்டதில்லை. "வாங்க, சாப்ட்டீங்களா?" என்று டாக்டர் என்னை விசாரித்தாள், தன்னுடைய வீடு மாதிரி. பிறகு எழும்பித் தேத்தண்ணி போடப் போனாள். அப்போது சினேகிதி அவளைத் தோளில் பிடித்து அமர்த்தி, "நீ உட்காருடி, நான் போடறேன்" என்றாள்.

நீ. அதோடு ஒரு டி.

நான் பிட்டைக் குசினியில் வைத்துவிட்டு, அவசர வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன். பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து வரும்போதும் அந்த டி காதிலேயே நின்றது. எனக்கு நீ என்று யாரும் சொல்லக்கூடாது, அது சரி. ஆனால் அவளுக்குள் இவ்வளவு நீ மிச்சம் இருந்ததா? அதை எல்லாம் எங்கே வைத்திருந்தாள்?

அடுத்த கிழமையே ஸ்ட்ரெதம் லைப்ரரியில் ஸ்பார்ட்டா பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்தேன். அறிவுக்காக இல்லை. அவள் அந்தப் பெயரைச் சொல்லும்போது டாக்டரைப் போல நானும் தலையாட்ட வேண்டும் என்பதற்காக. நான் மூக்குக்கண்ணாடியோடு குசினி மேசையில் இருப்பதைப் பார்த்து என் அவர், "என்ன, உமக்கு இப்ப கிரேக்கத்தோட சண்டையோ?" என்று கேட்டார். சண்டைதான்.

வாசிக்க வாசிக்க எனக்கு டாக்டரை நன்றாக விளங்கியது. ஸ்பார்ட்டா முதலில் ஒரு பெரிய நகரமே இல்லை, ஆற்றங்கரையில் சில கிராமங்கள் ஒன்றுசேர்ந்த இடம். முதலில் பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. பிறகு அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும். அது போதாமல் மலையைத் தாண்டிப் போய் மெசீனியாவின் நல்ல விளைநிலங்களைப் பிடித்தது. அந்த நிலத்துச் சனத்தை அடிமையாக்கி, விளைச்சலில் பாதியை வாங்கியது. வருஷா வருஷம் அந்த அடிமைகள் மேல் முறைப்படி போர் அறிவிப்பு வேறு. அப்படித்தான் இவளும் என்று நினைத்தேன். முதலில் ஒரு மியூசியம், பிறகு வெள்ளிக்கிழமை, பிறகு சோபா.

இன்னொரு வகை ஆட்களும் இருந்தார்கள். ஸ்பார்ட்டாவைச் சுற்றியிருந்த சின்ன ஊர்க்காரர். அடிமைகள் இல்லை. தங்கள் ஊரில் தாங்களே பெரியவர்கள். கைத்தொழில் செய்தார்கள், வியாபாரம் செய்தார்கள், ஸ்பார்ட்டாவின் படையில் பக்கத்தில் நின்று சண்டையும் பிடித்தார்கள். ஆனால் ஸ்பார்ட்டாவின் சபையில் அவர்களுக்குப் பேச உரிமை இல்லை. கூட நின்று சாகலாம், வாய் திறக்கக் கூடாது. அவர்களுடைய பெயரைக் கிரேக்கத்தில் பிரித்தால் சுற்றி வாழ்கிறவர்கள் என்று வருமாம்.

இந்தச் சொல்லில்தான் வினை வந்தது.

வெஸ்ட் ஈலிங்கில் தமிழ் ஆட்கள் மாதம் ஒருதரம் கூடுகிற கூட்டம் ஒன்று உண்டு. யாராவது பேசுவார்கள், பிறகு ரோல்ஸும் தேத்தண்ணியும். அதில் சினேகிதியும் டாக்டரும் சேர்ந்து, ஸ்பார்ட்டா எப்படி அயலூர்களை அடக்கியது என்று தமிழில் பேச ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சினேகிதி போன் எடுத்து, ஸ்லைடுகளின் தமிழை ஒருக்கால் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. டாக்டருக்குக் கார் இருக்கலாம், தமிழுக்கு என்னிடம்தானே வர வேண்டியிருக்கிறது. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன்.

லேப்டாப்பைத் திறந்தாள். மூன்றாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில், ஸ்பார்ட்டாவின் சுற்றத்தார் என்று இருந்தது. நான் கண்ணில் தண்ணி வருமட்டும் சிரித்தேன். சுற்றத்தார் என்றால் உறவுக்காரர். கலியாணக் கார்டில் சுற்றமும் நட்பும் சூழ என்று அடிக்கிறோமே, அந்தச் சுற்றம். ஸ்பார்ட்டாக்காரன் என்ன, தன் பெரியப்பா சித்தப்பாவையா அடக்கினான்? "உம்மட டாக்டருக்கு இவ்வளவு தமிழும் தெரியாதோ? அயலவர் எண்டு போடும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அது டாக்டர் போட்டது இல்லக்கா. நான் போட்டது."

நான் சமாளித்தேன். யார் போட்டாலும் பிழை பிழைதான் என்றேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டு, தான் பிறந்த ஊரில் ரயில்வேக் குவார்ட்டர்ஸில் சுற்றி இருந்தவர்கள்தான் தங்களுக்குச் சொந்தக்காரர் என்றாள். வேறு உறவு அவர்களுக்கு அந்த நாட்டில் இல்லை. சுற்றி வாழ்கிறவர்கள் என்று வகுப்பில் கேட்டதும் அந்தச் சொல்தான் தனக்குத் தானாக வந்தது என்றாள். நான், அது உம்முடைய மனசு, அகராதி வேறு என்றேன். சரியான பதில்தான் அது. இப்போது யோசித்தாலும் அகராதி என் பக்கம்தான்.

அவள் லேப்டாப்பை மூடினாள். "நான் எப்படிச் சொல்றேன்னுதான் இத்தனை வருஷமா கேட்டிருக்கீங்க அக்கா. என்ன சொல்றேன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

அவளே தொடர்ந்தாள். "வகுப்புல ஸ்பார்ட்டா பத்திப் படிச்சப்ப, பக்கத்துலயே நின்னும் பேச முடியாதவங்கன்னு சொன்னாங்க. எனக்கு நம்ம வெள்ளிக்கிழமை ரயில் ஞாபகம் வந்துச்சு."

அந்த ரயிலில் யார் ஸ்பார்ட்டா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. நான் எழும்பி வரும்போது அவள் கதவு வரைக்கும் வந்தாள். வழக்கம்போலப் பசியாறிட்டுப் போங்க என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து என் அவரிடம் எல்லாம் சொன்னேன். அவர், அவள் சொன்னதில் என்ன பிழை என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவள் சொன்னது சுட்டது உண்மை. ஆனால் அதைவிடச் சுட்டது வேறொன்று. அத்தனையும் அவள் தடுமாறாமல் சொன்னாள். இவ்வளவு காலமும் என் முன்னால் தடக்கித் தடக்கிக் கதைத்தவள். அப்படியென்றால் இதை முதலே எங்கோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்தக் காருக்குள்தான் சொல்லிப் பார்த்திருப்பாள். என்னைப் பற்றி அவள் வைத்திருந்த மனத்தாங்கல்கூட எனக்கு முதல் டாக்டருக்குத்தான் கிடைத்திருக்கிறது.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று பயமாக இருந்தது. இவளை இழந்தால் இந்த ஊரில் எனக்கு உறவுக்காரர் இருப்பார்கள், தெரிந்தவர்கள் இருப்பார்கள், பக்கத்தில் இருந்து ரயிலில் வர யாரும் இருக்க மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆகவே கூட்டத்துக்குப் போவது என்றும், என்ன பிழை காதில் விழுந்தாலும் வாய் திறப்பதில்லை என்றும் முடிவெடுத்தேன். அதற்காகவே ஒரு பாக்கெட் பெப்பர்மின்ட் வாங்கினேன். வாய்க்குள் ஒன்று இருந்தால் கதைக்க ஏலாதல்லவா.

மண்டபத்தில் கடைசி வரிசைக்கு முன்வரிசையில் இருந்தேன். மூன்றாவது ஸ்லைட் வந்தது. சுற்றத்தார் அப்படியே இருந்தது. பெப்பர்மின்டைக் கடித்தேன்.

சினேகிதி நன்றாகப் பேசினாள். அது எனக்குத் தெரியாத விஷயம். எல்லோரையும் அடக்கிப் பழகிய ஸ்பார்ட்டா, தெகேயா என்ற ஊரின் மேல் படையெடுத்த கதையைச் சொன்னாள். குறி கேட்டபோது, அந்த ஊரில் ஆடலாம், அதன் வயலைக் கயிறு போட்டு அளக்கலாம் என்று வாக்கு வந்ததாம். ஸ்பார்ட்டாக்காரர் தங்களுக்குப் பிடித்தபடி அதற்கு அர்த்தம் எடுத்து, தோற்கப்போகிறவர்களைக் கட்டுவதற்கு விலங்குகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். தோற்றது அவர்கள்தான். தாங்கள் கொண்டுபோன விலங்கிலேயே பிணைக்கப்பட்டு, அந்த வயலை அடிமைகளாகக் கயிறு போட்டு அளந்தார்கள். அந்த விலங்குகளைத் தெகேயாக்காரர் கோயிலில் மாட்டி வைத்தார்களாம். சபை சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் அவள் இரண்டு இடத்தில் ளகரத்தை லகரமாக்கினாள், ஒருவரும் கவனிக்கவில்லை. நான் இரண்டாவது பெப்பர்மின்டைப் பிரித்தேன்.

பேச்சு முடிய எங்கள் ஊர் ஐயா ஒருவர் கை தூக்கினார். "தங்கச்சி, சுற்றத்தார் எண்டால் சொந்தக்காரர் எல்லோ?"

எனக்குள் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். வாயே திறக்காமல் வென்றுவிட்டேன். இப்போது அவள் எனக்குச் சொன்ன மாதிரியே அவருக்கும் சொல்வாள், குவார்ட்டர்ஸ் கதை வரும், சபை ஏற்காது, அவள் கண் என்னைத் தேடும் என்று காத்திருந்தேன். அவள் கண் டாக்டரைத்தான் தேடியது. மேடையில் கூட இருந்த டாக்டர் மைக்குப் பக்கம் சாய்ந்து, "அக்கம்பக்கத்தவங்கன்னு வச்சுக்கலாமாடி?" என்று மெல்லக் கேட்டாள். சினேகிதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமா, நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு. அப்படியே வச்சுக்குவோம்" என்று சிரித்தாள்.

நான் சொன்ன அயலவர் ஒரு மாதமாக அவள் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்கிறது. அதே அர்த்தத்தில் இன்னொரு சொல் வந்தவுடன் கதவு திறந்துகொண்டது. அயலவர் அதைவிட நல்ல தமிழ் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

தேத்தண்ணி நேரத்தில் சனம் அவர்கள் இருவரையும் சூழ்ந்து நின்றது. நான் மேசை ஓரத்தில் வெறும் தட்டோடு நின்றேன். அவள் என்னைக் கண்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"வாங்கக்கா. சாப்பிட்டீங்களா?" என்றாள்.

திருத்தமான தமிழ். ஒரு குறை சொல்ல முடியாது. ஆர்ச்வேயில் செருப்புக் கழற்றுகிற இடத்தில் நான் சொல்லிக்கொடுத்த அதே சொல், இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவள் வாயில் வந்தது. எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. பழையதைத் திருப்பித் தா என்று அவள் கையைப் பிடித்துக் கேட்க வேண்டும்போல இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டேன்.

"இல்லை. இன்னும் பசியாறேல்லை" என்றேன்.

அவள் கண் ஓரத்தில் ஏதோ அசைந்தது, சிரிப்பா வேறு ஏதுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு, என்னுடைய ஊர்த் தமிழில், என்னுடைய குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"அப்பிடிச் சொல்லக் கூடாது அக்கா. அது பிழை. சாப்பிடேல்லை எண்டுதான் சொல்ல வேணும்."

என் தட்டில் இரண்டு ரோல்ஸை எடுத்து வைத்தாள். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் கை காட்டி, "ஏய், நீ பசியாறிட்டியா இல்லியா?" என்று கேட்டாள். "இல்லடி, வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு அவள் போனாள்.

டாக்டர் கோயம்புத்தூர்க்காரி. அது அவளுடைய ஊர்ச் சொல்லும் இல்லை.